கொள்ளிடத்தின் அடிமணல்

ஆற்று வெள்ளம் என்றதும் நம் கண்கள் கரையை நோக்கியே செல்கின்றன. நீர் எத்தனை அடி உயர்ந்தது என்று கேட்கிறோம்; அடியில் மணல் எத்தனை அடி இறங்கியது என்று கேட்பதில்லை. திருச்சியை ஒட்டிய கொள்ளிடத்தின் வரலாற்றைப் புரட்டினால், அங்கெழுந்த கட்டுமானங்களின் கதை இந்த அடிமணலின் கதையாகவே இருப்பதைக் காணலாம்.

முக்கொம்பில் காவிரியிலிருந்து பிரியும் கொள்ளிடம், சரிவு மிகுந்த கிளை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீர் அதன்வழியே வழிந்தோட, காவிரி மணலேறித் தூர்ந்தது. தஞ்சை வயல்களுக்கு நீர் குறைந்தது. 1830களில் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டினார். ஆழம் காணவியலாத மணலில் அடித்தளம் இடும் வித்தையைக் கல்லணை கட்டிய நம் முன்னோரிடமிருந்தே கற்றதாக அவர் பிற்காலத்தில் எழுதியுள்ளார். ஆயினும் மேலணை எழுந்ததும் காவிரி அளவுக்கு மேல் நீரை ஈர்த்துத் தன் படுகையை அரிக்கலாயிற்று. அதைத் தடுக்க 1840களில் காவிரியின் தலைப்பிலும் ஒரு தடுப்பு அமைக்க நேர்ந்தது. ஓரிடத்தில் கைவைத்தால் ஆறு வேறிடத்தில் கணக்குத் தீர்க்கும் என்பதை அன்றைய பொறியாளர்கள் விரைவிலேயே உணர்ந்தனர்.

அடுத்த நூற்றாண்டில் நாம் அதை மறந்தோம். 1934இல் முடிந்த மேட்டூர் அணை, நீரோடு வந்த மணலையும் தேக்கிக்கொண்டது. கீழே எஞ்சியதை லாரி லாரியாக அள்ளினோம். மணற்சுமை இழந்து வரும் நீர், தனக்குரிய சுமையைப் படுகையிலிருந்தே எடுத்துக்கொள்ளும். படுகை தாழும், பழைய மட்டத்தை நம்பி இறக்கிய அடித்தளம் வெளித்தெரியும்.

2018 ஆகஸ்டில் குடகிலும் கேரளத்திலும் பெருமழை கொட்டியது. மேட்டூர் நிரம்பி, உபரிநீர் கொள்ளிடத்தில் பாய்ந்தது. 1928இல் கட்டிய இரும்புப் பாலத்தின் தூண்கள் சாய்ந்து ஒரு பகுதி ஆற்றில் வீழ்ந்தது. 22ஆம் தேதி இரவு மேலணையின் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. 1924இன் மாபெரும் காவிரி வெள்ளத்தைக் கடந்தும் பணியாற்றிய அணை, அதனினும் சிறிய வெள்ளத்தில் உடைந்தது. 2024 ஆகஸ்டு வெள்ளத்தில், ஆற்றுக்குள் நின்ற உயரழுத்த மின்கோபுரமும் சாய்ந்தது.

இனிவரும் வெள்ளங்கள் இரக்கம் காட்டும் என்று நம்ப இடமில்லை. காற்று ஒரு பாகை செல்சியஸ் சூடேறினால் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும். சில நாட்களிலேயே கொட்டித் தீர்க்கும் மழைக்கு வாய்ப்புப் பெருகும். அணையில் அடங்காத நீருக்குக் கொள்ளிடமே வடிகால். இளைத்துவிட்ட படுகைமீது வலுத்த வெள்ளம் பாயப்போகிறது.

முக்கொம்பில் இன்று புதிய கதவணை எழுந்து நிற்கிறது. ஆனால் ஒரு பாலத்தின் ஆயுள் அதன் திறப்புவிழாக் கல்வெட்டில் இல்லை, தூணடியில் எஞ்சியுள்ள மணலில்தான் இருக்கிறது. ஒவ்வொரு வெள்ளமும் வடிந்தபின் அந்த மணலை அளந்து எழுதிவைப்பதும், அள்ளாமல் விட்டுவைப்பதும் புதுக் கட்டடங்களைவிடச் செலவு குறைந்தவை. அவற்றுக்குத் திறப்புவிழா இல்லை என்பதுதான் குறை.