தேசிய ரயில் அருங்காட்சியகம், புதுதில்லி

தில்லி சாணக்கியபுரியில் உள்ள இந்திய ரயில்வேயின் அருங்காட்சியகம். 1971 அக்டோபரில் குடியரசுத் தலைவர் வி. வி. கிரி அடிக்கல் நாட்டினார். 1977 பிப்ரவரி 1 அன்று திறக்கப்பட்டது. பழைய எஞ்சின்களும் பெட்டிகளும் பெரும்பாலும் திறந்தவெளியில் தண்டவாளங்களின் மேலேயே நிற்கின்றன.

சேகரிப்பில் ஈடிணையற்றது பாட்டியாலா சமஸ்தானத்தின் ஒற்றைத் தண்டவாள ரயில். 1907-இல் தொடங்கிய இச்சேவையில், சாலையோரம் பதித்த ஒரே தண்டவாளத்தின் மேல் சக்கரங்கள் ஓடின. பக்கவாட்டில் நீட்டிய ஒரு பெரிய சக்கரம் சாலையில் உருண்டு வண்டி சாயாமல் காத்தது. பாரத்தின் பெரும்பகுதியைத் தண்டவாளமே தாங்கியது. 1927-இல் சேவை நின்றது. பல ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்த எஞ்சினை 1962-இல் ரயில் ஆர்வலர் மைக் சாட்டோ கண்டெடுத்தார். அமிர்தசரஸ் பணிமனையில் அது சீரமைக்கப்பட்டது. இன்றும் நீராவியில் ஓடக்கூடியது.

அஜ்மீர் பணிமனையில் 1895-இல் உருவான எஃப்-734, இந்தியாவிலேயே கட்டப்பட்ட முதல் எஞ்சின் என்பதால் தனிக் கவனத்துக்குரியது. வேல்ஸ் இளவரசருக்கான 1875-ஆம் ஆண்டுப் பெட்டியும் மைசூர் மகாராஜாவின் பெட்டியும் இங்குள்ளன.

1855-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் தயாரான 'ஃபேரி குயின்' நீராவி எஞ்சின் நெடுங்காலம் இங்கே இருந்தது. 1997-இல் அது மீண்டும் பயணிகளை ஏற்றி ஓடியது. பின்னர் உதிரிப் பாகங்கள் திருடுபோகவே, சென்னை பெரம்பூர் பணிமனையில் புதுப்பிக்கப்பட்டது. திங்கட்கிழமைகளில் அருங்காட்சியகத்துக்கு விடுமுறை.