பொந்து விழுந்த செல்

மதுரையில் ஒரு லேபில் 28 வருடம், கர்ப்பப்பை வாயிலிருந்து எடுக்கும் பாப் ஸ்மியர் ஸ்லைடு பார்த்தவள் நான். பச்சையும் இளஞ்சிவப்புமாகத் தட்டையாகக் கிடக்கும் செல்களுக்கு நடுவே சில ஸ்லைடுகளில் ஒன்று தனியாகத் தெரியும். உட்கருவைச் சுற்றி வெளுத்த பொந்து. பொந்தின் ஓரம் பென்சிலை அழுத்திக் கோடு போட்டதுபோல் தடித்திருக்கும். நடுவில் உட்கரு உலர்ந்த திராட்சையாய்ச் சுருங்கிக் கறுத்திருக்கும். சிலதில் இரண்டு உட்கரு. இதைத்தான் கொய்லோசைட் என்கிறோம்.

பெயர் வைத்தவர்கள் அமெரிக்காவில் லியோபால்ட் காஸும் கிரேஸ் டர்ஃபீயும். அவர்கள் கட்டுரை 1956-இல் அச்சானது. கிரேக்கத்தில் கொய்லோஸ் என்றால் குழிந்தது. ஸ்மியர் முறையைத் தந்த ஜார்ஜ் பாபனிகோலாவும் கிரேக்கர்தான். அவர் ஆராய்ச்சிக்காக வருடக்கணக்கில் தன் உடலிலிருந்தே ஸ்மியர் கொடுத்தவர் அவர் மனைவி ஆண்ட்ரோமாக்கி. இந்தத் தொழிலில் இருக்கும் எவரும் அந்த அம்மாளை மறக்கக் கூடாது.

பெயர் கிடைத்து 20 வருடம் ஆகியும் பொந்து ஏன் விழுகிறது என்பது புரியவில்லை. ‘லேசான டிஸ்பிளேசியா’ (செல் பிறழ்வு) என்று எழுதினார்கள், படித்தவர்கள் பயந்தார்கள். 1976-இல் கனடாவின் கியூபெக்கில் அலெக்சாண்டர் மைசல்ஸும் ஃபோர்டினும் விடை சொன்னார்கள்: இது மரு. வெளியே துருத்தாமல் கர்ப்பப்பை வாயில் தட்டையாகப் படியும் மரு. அப்படியானால் பொந்து விழச் செய்வது மருவை உண்டாக்கும் எச்.பி.வி. வைரஸ்.

1983-இல் ஜெர்மனியில் ஹரால்ட் ஸுர் ஹௌசனின் குழு கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்த் திசுவில் அந்த வைரஸின் 16-ஆம் வகையைக் கண்டது; மறு வருடம் 18-ஐ. பிறப்புறுப்பு மருவில் இருந்ததோ 6-உம் 11-உம். ஒரே குடும்பத்தில் சாதுவும் உண்டு, கொடியதும் உண்டு என்று தெளிவானது. 1988-இல் அமெரிக்காவின் பெதஸ்தாவில் கூடிய நிபுணர்கள் கொய்லோசைட்டையும் லேசான டிஸ்பிளேசியாவையும் ஒரே பெயரில் சேர்த்தார்கள். அதுதான் நாங்கள் லேபில் ‘எல்சில்’ (LSIL) என்று சொல்வது.

எங்கள் ஊருக்கு அந்தப் பெயர் வந்து சேர நாளானது. 1994-இல் நான் பார்த்த ஒரு ஸ்லைடில் பொந்துச் செல்கள் இருந்தன. பழைய பெயரிலேயே ரிப்போர்ட் போனது. நாலு மாதம் கழித்து அந்தப் பெண் ஜன்னலில் வந்து நின்றாள். வயது 33.

“சிஸ்டர், கேன்சர் வரும்னு கர்ப்பப்பையை எடுத்துட்டாங்க. அந்தச் சீட்டுல என்னதான் எழுதியிருந்துச்சு?”

அலமாரியிலிருந்து ஸ்லைடை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள். “இவ்வளவுதானா?” என்றாள். நான் பதில் சொல்லவில்லை.

அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டியது பிறகுதான் வந்தது. எல்சில் வந்த பெண்களிடம் எந்த வகை வைரஸ் இருக்கிறது என்று அமெரிக்காவில் 1996-இல் தொடங்கிய பெரிய ஆய்வு பார்த்தது. 100-க்கு 83 பேரிடம் ஆபத்தான வகைகள்! 16 மட்டுமல்ல. 31, 51, 52, 56 என்று ஒரு கூட்டமே. ஏறக்குறைய எல்லோரிடமும் இருப்பதை வைத்து யாரைப் பிரிப்பது? எல்சில் பெண்களை வைரஸ் சோதனையால் பிரித்துப் பார்க்கும் பகுதியை நடுவிலேயே நிறுத்திவிட்டார்கள். புற்றுநோயில் நிலைமை வேறு. அங்கே 100-க்கு 70 சுமாருக்கு 16-உம் 18-உமே காரணம். வைரஸ் வந்திருப்பது வேறு, போகாமல் தங்குவது வேறு. சான் பிரான்சிஸ்கோவில் எல்சில் வந்த இளம்பெண்களைத் தொடர்ந்து பார்த்தார்கள்; மூன்று வருடத்தில் 100-க்கு 91 பேருக்குத் தானாகவே மறைந்திருந்தது. அந்த முடிவு 2004-இல் வெளிவந்தது, அவளுக்குப் பத்து வருடம் பிந்தி.

உங்கள் சீட்டில் எல்சில் என்றிருந்தால், அந்த ஒரு வார்த்தைக்காகக் கர்ப்பப்பையை எடுக்கக் கையெழுத்துப் போடாதீர்கள். டாக்டர் கால்போஸ்கோப்பி (கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் சோதனை) சொன்னால் செய்துகொள்ளுங்கள். மறு ஸ்மியருக்கு வரச்சொன்ன தேதியில் கட்டாயம் வந்துவிடுங்கள்.