பேய்க்கு முன்னால் வரும் கோமாளி

ஒரகடத்தில் இரண்டாவது ஷிப்ட் முடித்தவர்களை ஏற்றிவரும் கம்பெனி பஸ்கள் சிங்கப்பெருமாள் கோவில் சந்திப்பில் ஆளை இறக்கிவிடும்போது நள்ளிரவு தாண்டிவிடும். அறைக்குப் போய்க் குளித்து, எடுத்துவைத்த சோற்றைச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் உடனே தூக்கம் வராது. டிவியைப் போடுவார்கள். கே டிவியிலோ வேறொன்றிலோ ஒரு பேய்ப் படம் பாதி ஓடியிருக்கும். யார் எடுத்த படம், எந்த வருடம், அந்த வசனத்தை எழுதியவர் யார் என்று சொல்ல அங்கே ஆள் கிடையாது. பயந்து சிரித்துவிட்டுப் படுத்துக்கொள்வார்கள். சிரிப்பும் பயமும் கலந்த தமிழ்ப் படங்களின் வரலாறு இப்படித்தான் இரவுதோறும் பெயரில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்த வாரம்.

கதையை இதே ஊரிலிருந்து தொடங்கலாம். ஊருக்குப் பெயர் தந்த பாடலாத்ரி நரசிம்மர் கோயில் பல்லவர் காலக் குடைவரை. மூலவர் பாறையோடு பாறையாக இருப்பதால், அவரைச் சுற்றிவர வேண்டுமானால் குன்றையே சுற்றிவர வேண்டும். அர்ச்சகர் திருமண் காப்பை விலக்கி, நெற்றியில் இருக்கும் மூன்றாவது கண்ணைக் காட்டுவார். தூணிலிருந்து பிளந்துகொண்டு வந்தவரை அந்தக் கண்ணோடு பார்க்கும்போது ஒரு கணம் உடம்பு சிலிர்க்கத்தான் செய்யும்.

இரணியன் கதை தமிழகத்தில் இரவு மேடைக்கு உரியது. தஞ்சைப் பக்கம் மெலட்டூரில் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி நடக்கும் பாகவத மேளாவில் பிரகலாத சரித்திரம் விடிய விடிய நடக்கும். நரசிம்மர் முகமூடி பூஜை செய்யப்படும் பொருள். அதை அணிந்தவருக்கு ஆவேசம் வந்துவிடும் என்பதால் பக்கத்தில் நின்று பிடித்துக்கொள்ள ஆட்கள் இருப்பார்கள். இவ்வளவு உக்கிரமான இரவில் மேடைக்கு முதலில் வருபவன் யார் தெரியுமா? கோணங்கி. குல்லாய் வைத்துக்கொண்டு ஆடி வரும் கோமாளி. கூட்டத்தை அமைதிப்படுத்தி, ஆட்டத்தைத் தொடங்கிவைப்பது அவன் வேலை.

நம் தொண்டை மண்டலத்துத் தெருக்கூத்தில் அந்த வேலையைக் கட்டியங்காரன் செய்கிறான். செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து பார்த்தவர்களுக்கு அவனை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வேடக்காரர் திரைக்குப் பின்னால் நின்று பாட, வந்திருப்பது யார், எந்த ஊர், என்ன காரியமாக வந்தார் என்று கேட்டுக் கேட்டு வாங்கிச் சபைக்குச் சொல்பவன் அவன்தான். துரியோதனனிடம் பேசிக்கொண்டே ஊர்க்காரர்களையும் வம்புக்கு இழுப்பான். துச்சாதனன் வதையில் அழுகையும் ஆவேசமும் முற்றுவதற்கு முன்னால், தூங்கி விழும் பிள்ளைகளைச் சிரிக்கவைத்து எழுப்புவதும் அவன்தான். சிரித்து விழித்த கண்ணில்தான் அடுத்து வரும் பயங்கரம் முழுதாகப் பதியும். இந்தக் கணக்கை நம் கூத்தாடிகள் தொழிலாகவே தெரிந்துவைத்திருந்தார்கள்.

அமெரிக்கத் தொலைக்காட்சி இதே கணக்கைப் பிடித்தது 1954இல். லாஸ் ஏஞ்சலஸ் கே.ஏ.பி.சி. நிலையத்தில் மைலா நுர்மி என்ற நடிகை கறுப்பு அங்கியோடு, வெளிறிய முகத்தோடு, ‘வாம்பைரா’ என்ற வேடத்தில் இரவு நேரத்தில் தோன்றிப் பழைய திகில் படங்களை அறிமுகப்படுத்தினார். 1957இல் ஸ்கிரீன் ஜெம்ஸ் நிறுவனம் யுனிவர்சலின் 52 பழைய படங்களை ‘ஷாக்’ என்ற பெயரில் மொத்தமாகத் தொலைக்காட்சி நிலையங்களுக்குக் கொடுத்தது. டிராகுலாவும் ஃபிராங்கன்ஸ்டைனும் தியேட்டரில் ஓய்ந்து வெகுகாலம் ஆகியிருந்தது. பழைய சரக்குக்கு மெருகு வேண்டாமா? ஊருக்கு ஊர் ஒரு பேய் வேடக்காரர் முளைத்தார். படத்தின் இடைவெளியில் வந்து கேலி பேசுவார், நடிகர்களைப் பற்றிச் சொல்வார், மறுபடி படத்துக்குள் அனுப்பிவைப்பார். பட் அபோட்டும் லூ காஸ்டெல்லோவும் ஃபிராங்கன்ஸ்டைனைச் சந்திக்கும் 1948ஆம் ஆண்டு நகைச்சுவைப் படம் போன்றவை இன்றும் புதிய தலைமுறைக்குத் தெரிகின்றன என்றால், அதில் இந்த வேடக்காரர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 1981இல் வந்த எல்விரா உலகப் புகழ் பெற்றார். சிகாகோவில் 1970களில் பிறந்த ஸ்வெங்கூலி என்ற வேடம் இன்றும் சனிக்கிழமை இரவுகளில் நாடு முழுக்கத் தெரிகிறது. அவர் ஜோக் அடிப்பதோடு நிற்பதில்லை. துணை நடிகர் வேறு எந்தப் படத்தில் வந்தார் என்பதுவரை படம் காட்டி விளக்குகிறார்.

நம்மிடம் நடந்தது வேறு. கட்டியங்காரனைத் தமிழ் சினிமா படத்துக்குள்ளேயே இழுத்துக்கொண்டது.

1967இல் எம்.வி. ராமன் இயக்கத்தில் வந்த ‘பட்டணத்தில் பூதம்’ அதற்கு நல்ல சாட்சி. ஜாடியிலிருந்து வெளிவரும் ஜீபூம்பாவாக நடித்தவர் ஜாவர் சீதாராமன். ‘ஏழை படும் பாடு’ படத்தில் ஜாவர் என்ற இன்ஸ்பெக்டராக நடித்ததால் அந்தப் பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது. பூதத்தைக் கண்டு நாகேஷ் நடுங்கும் நடுக்கத்தில்தான் குழந்தைகளின் பயம் கரைந்துபோகும். பார்ப்பவனுக்கும் பூதத்துக்கும் நடுவே நாகேஷ் நிற்கிறார். கட்டியங்காரன் நிற்கும் இடம் அதுதான்.

1979இல் வந்த ‘கல்யாணராமன்’ இன்னும் ஆழமானது. பஞ்சு அருணாசலம் எழுதி, ஜி.என். ரங்கராஜன் முதல்முறையாக இயக்கிய படம். முன்பற்கள் துருத்திய வெகுளிப் பிள்ளை கல்யாணம், சொத்துக்காகக் கொல்லப்படுகிறான். ஆவியாகி, இரட்டைச் சகோதரன் ராமனைத் தேடி வருகிறான். இரண்டு வேடமும் கமல்ஹாசன். இங்கே பேயே கோமாளி! கோமாளி, பேய் இரண்டையும் ஒரே ஆளுக்குள் வைத்ததுதான் அந்தப் படத்தின் சாதனை என்று நான் உறுதியாகச் சொல்வேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே, இப்படி ஒரு பிள்ளையைக் கொன்றுவிட்டார்களே என்று தொண்டை அடைக்கிறது. 1985இல் ‘ஜப்பானில் கல்யாணராமன்’ வந்தது. ஜப்பானின் சுகுபா கண்காட்சியில் படம்பிடித்த காட்சிகள் அழகாக இருந்தாலும், முதல் படத்தின் அந்த வலி அதில் இல்லை.

பிறகு 2005. பி. வாசுவின் ‘சந்திரமுகி’ சாந்தி தியேட்டரில் 800 நாட்களைத் தாண்டி ஓடியது. மூலக் கதை 1993இல் வந்த மலையாளப் படம் ‘மணிச்சித்ரதாழ்’. தமிழில் அதைத் தூக்கிப் பிடித்த கைகளில் ஒன்று வடிவேலுவுடையது. முருகேசனாக அவர் பயப்படும் காட்சிகள் இல்லாவிட்டால், கடைசியில் ஜோதிகா ஆடும் ஆட்டத்துக்கு அவ்வளவு கனம் வந்திருக்காது. 2007இல் ராகவா லாரன்ஸ் ‘முனி’ எடுத்தார், 2011இல் ‘காஞ்சனா’. இருட்டைக் கண்டால் அம்மா மடியில் ஏறிக்கொள்ளும் வளர்ந்த பிள்ளை, அவனைவிட அதிகம் பயப்படும் அம்மாவாகக் கோவை சரளா. அதற்குப் பின் வெள்ளம்தான்: 2014இல் ‘யாமிருக்க பயமே’, ‘அரண்மனை’, 2015இல் ‘டார்லிங்’, 2016இல் ‘தில்லுக்கு துட்டு’. கடைசிப் படத்தின் இயக்குநர் ராம்பாலா, விஜய் டிவியில் ‘லொள்ளு சபா’வை நடத்தியவர். அந்த நிகழ்ச்சியில் வளர்ந்த சந்தானமே கதாநாயகன். இந்த வகைப் படத்தின் பிற்காலக் கிளை ஒன்று தொலைக்காட்சியிலேயே துளிர்த்தது என்பது கவனிக்க வேண்டிய செய்தி.

இந்தப் படங்களை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பேய் என்ன கேட்கிறது என்று பாருங்கள். கல்யாணம் சொத்துக்காகச் சாகிறான். ‘காஞ்சனா’வில் சரத்குமார் நடித்த திருநங்கை, ஏழைகளுக்கு மருத்துவமனை கட்ட வாங்கிய நிலம் பறிபோய்க் கொல்லப்படுகிறாள். புதைத்த இடத்தில் பையன்கள் கிரிக்கெட் ஸ்டம்ப் நடும்போதுதான் கதை கிளம்புகிறது. மண்ணுக்கான வழக்கை நீதிமன்றத்தில் தீர்க்க முடியாதவர்கள் பேயாக வந்து தீர்த்துக்கொள்கிறார்கள். ஏரிப் பாசன வயல்கள் இருந்த ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் சிப்காட் மனைகளாகவும் வீட்டு மனைகளாகவும் மாறியதைக் கண்ணால் பார்த்த இந்த வட்டாரத்துக்கு அந்தக் கதை புரியாமல் போகாது. அதைத் திருநங்கை ஒருத்தியின் வாயால், வீடு வீடாகக் குழந்தைகளும் பார்க்கும் படத்தில் சொன்னது சின்னக் காரியமல்ல.

தொலைக்காட்சியில் என்ன ஆயிற்று? சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்கு முன்னால் ஓர் அறிவிப்பாளர் திரையில் வந்து படத்தின் பெயரையாவது சொல்லிவிட்டுப் போவார். 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி வந்தது. 2001இல் கே டிவி வந்தபின் இரவு பகல் பாராமல் படம். பழைய படங்கள் அழியாமல் கண்ணில் பட்டுக்கொண்டிருப்பதற்கு இந்தச் சேனல்களே காரணம். அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் விளம்பரத்துக்கு இடம் வேண்டுமென்று எழுத்துப் போடும் பகுதி வெட்டுப்படுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஜாவர் சீதாராமன் பெயரும் பஞ்சு அருணாசலம் பெயரும் அந்த வெட்டில்தான் போகின்றன. படம் மிஞ்சுகிறது, எடுத்தவர்கள் மறைகிறார்கள்.

சேனல் நடத்துகிறவர்களிடம் கேட்கிறேன். வாரத்தில் ஒரே ஒரு இரவு, சனிக்கிழமை பத்து மணிப் படத்துக்கு, ஒரு கட்டியங்காரரை அமர்த்துங்கள். காஞ்சிபுரம் பக்கத்துக் கூத்து மேடைகளில் விடிய விடியச் சபையைக் கட்டிப்போடும் கலைஞர்கள் இப்போதும் இருக்கிறார்கள். தலைப்பாகையும் சாட்டையுமாக ஒருவர் வந்து, ‘பட்டணத்தில் பூதம்’ யார் எடுத்தது என்று இரண்டு நிமிடம் பாடிப் பேசிவிட்டுப் போகட்டும். பெரிய செட்டு வேண்டாம், பெரிய செலவும் இல்லை. ஷிப்ட் முடிந்து வந்து உட்காரும் பிள்ளைக்குத் தான் பார்ப்பது யாருடைய உழைப்பு என்று தெரிய வேண்டும்.