மணப்பாட்டுக் குகைக் கிணறு

திருச்செந்தூரில் இருந்து குலசேகரன்பட்டினம் வழியாத் தெற்கே போனா மணப்பாடு. பரதவர் ஊர். கடலுக்குள்ள நீட்டிக்கிட்டு நிக்கிற மணல் குன்று, அதன் மேல 1581-ல் எழும்பின திருச்சிலுவைக் கோயில். செப்டம்பர் 14 திருவிழாவுக்கு எங்கெங்கோ இருந்து சனம் வரும். வர்றவங்க கோயிலையும் அலையையும் படம் பிடிச்சிட்டுப் போயிடுவாங்க. விவசாயி கண்ணு போறது குன்றின் கடலோரச் சரிவுல இருக்கிற குகைக் கிணத்துக்குத்தான்.

1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார் இந்தக் குகையில தங்கி ஜெபம் பண்ணினார்னு சொல்லுவாங்க. அவருக்கு முன்னால ஒரு சைவத் துறவி இங்க இருந்தார்னும் பேச்சு உண்டு. 1544-ல் மணப்பாட்டில் இருந்து அவர் எழுதின கடிதங்கள் இன்னும் இருக்கு. அலைச்சத்தம் கேக்குற இடத்துல குடிக்கத் தண்ணி கிடைச்சா யாருதான் தங்க மாட்டாங்க?

கடலோரத்துல நல்ல தண்ணி எப்படி? திருச்செந்தூர் நாழிக்கிணறு முருகன் வேலால் வந்ததுன்னு நம்புறோம். இங்க சவேரியார் பேரைச் சொல்றோம். நம்பிக்கை அவங்கவங்களுக்கு. மண்ணோட கணக்கு ரெண்டு இடத்துலயும் ஒண்ணுதான்.

மணல்ல விழுற மழை ஓடாது, நேரா கீழே இறங்கும். உப்புத் தண்ணியை விட நல்ல தண்ணி லேசு. அதனால உப்புத் தண்ணி மேல அது பால் மேல ஆடை மாதிரி மிதக்கும். கடல் மட்டத்துக்கு மேல 1 அடி நல்ல தண்ணி நின்னா, கீழே ஏறக்குறைய 40 அடி வரைக்கும் நல்ல தண்ணி இருக்கும். ஹாலந்துல கைபென், ஜெர்மனியில ஹெர்ஸ்பெர்க்னு ரெண்டு பேர் நூறு வருசத்துக்கு முன்னமே போட்டு வச்ச கணக்கு இது.

இதைத் திருப்பிப் பாருங்க. மேல 1 அடி இறங்கினா, கீழே இருந்து உப்பு 40 அடி ஏறி வரும்.

கையால தோண்டின கிணறு அந்த ஆடையை மட்டும் வழிச்சு எடுக்கும். பனையோலைப் பட்டையிலயோ துலாவிலயோ மனுசன் இறைச்சா எவ்வளவு இறைப்பான்? கமலை கட்டினாலும் மாடு களைச்சு நிக்கும். ராத்திரி ஊறி மறுபடி நிறைஞ்சிடும். ஆழ்துளைக் கிணறு அப்படி இல்ல. குழாய் உப்புக்குப் பக்கத்துல போயி நிக்கும், மோட்டாருக்குக் களைப்பும் கிடையாது. உடன்குடி, சாத்தான்குளம் பக்கம் எத்தனையோ தோட்டத்துல தண்ணி கரிச்சுப் போனது இப்படித்தான். வாழை இலை ஓரம் கருகும். முருங்கை கொஞ்சம் தாங்கும். கடைசியில பனை மட்டும் நிக்கும்.

மணப்பாட்டுல கடல் சேருற கருமேனியாறு மழை பெய்தா மட்டும் ஓடுற ஆறு. தாமிரபரணி வெள்ள உபரியை இதுக்கும் நம்பியாறுக்கும் திருப்புற கால்வாய் வேலை 2009-ல் ஆரம்பிச்சது. அந்தத் தண்ணி குளத்துலயும் தருவையிலயும் வருசாவருசம் நின்னாத்தான் நிலத்தடியில உப்பு பின்வாங்கும். ஆனா ஒருபக்கம் ஊத்திக்கிட்டு மறுபக்கம் இன்னும் ஆழமா போர் இறக்கினா ஊத்தினதுக்கு அர்த்தமே இல்ல.

மணப்பாட்டுக்கு வந்தா குகைக் கிணத்தையும் எட்டிப் பாருங்க. ஊறுற அளவுக்குள்ள எடுத்துக் குடிச்ச காலத்தோட கிணறு அது. எங்க நிலமும் பிழைக்கணும்னா அதே அளவுக்குத்தான் நாங்களும் திரும்பணும்.