சென்னையில் உரிமையியல் வழக்குகளின் வகைப்பாடு

ஒரு சொத்துத் தகராறோ, பணத் தகராறோ, வணிகத் தகராறோ எந்த நீதிமன்றத்தில், எந்த வகையில், எவ்வளவு கட்டணத்தில் பதிவாக வேண்டும் என்பதை முடிவு செய்யும் முறையே உரிமையியல் வழக்குகளின் வகைப்பாடு ஆகும். சென்னையில் இம்முறை ஒரே சட்டத்தால் உருவானதன்று. 17-ஆம் நூற்றாண்டு முதல் அடுக்கடுக்காக வந்த சாசனங்களும் சட்டங்களும் சேர்ந்து உருவாக்கியது. துறைமுகம், இருப்புப்பாதை, ஆலைகள் ஆகியவற்றைச் சுற்றி வளர்ந்த கொருக்குப்பேட்டை போன்ற வடசென்னைப் பகுதிகளில் இதன் விளைவுகளைத் தெளிவாகக் காணலாம். அங்கு ஒரே தெருவில் குடியிருப்பும் பட்டறையும் கிடங்கும் அடுத்தடுத்து இருப்பதால், ஒரு வழக்கு எந்த வகையில் சேரும் என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது.

தொடக்க கால நீதிமன்றங்கள்

கம்பெனி ஆட்சியின் தொடக்கத்தில் சென்னைப்பட்டணத்து மக்களின் சிறு தகராறுகளைச் சாவடி நீதிமன்றம் விசாரித்தது. 1688-இல் மாநகராட்சி அமைந்தபோது மேயர் நீதிமன்றமும் ஏற்பட்டது. 1726-ஆம் ஆண்டின் அரச சாசனம் அதனைப் புதிதாக அமைத்தது. 1753-இல் வந்த சாசனம், இந்தியர் இருவருக்கு இடையிலான வழக்கை இருவரும் சம்மதித்தாலன்றி மேயர் நீதிமன்றம் விசாரிக்கக் கூடாது என்றது. 5 வராகன் வரையிலான சிறு கோரிக்கைகளுக்குத் தனி நீதிமன்றம் ஒன்றையும் அமைத்தது. இவ்வாறு, வழக்காடுவோர் யார், கோரும் தொகை எவ்வளவு என்ற இரண்டு கேள்விகள் வகைப்பாட்டின் அடிப்படையாயின.

1798-இல் ரெக்கார்டர் நீதிமன்றமும், 1801-இல் சென்னை உச்ச நீதிமன்றமும் வந்தன. உச்ச நீதிமன்றத்தின் அதிகாரம் பெரிதும் நகரத்தோடு நின்றது. வெளியூர்களின் நீதிமன்றங்கள் சதர் அதாலத்தின் கீழ் இயங்கின. ஒரே மாகாணத்தில் இரண்டு நீதி முறைகள் அருகருகே நடைபெற்றன.

உயர் நீதிமன்றமும் எல்லைக் கேள்வியும்

1862 ஆகஸ்டு 15 அன்று தொடங்கப்பட்ட சென்னை உயர் நீதிமன்றம் இவ்விரண்டையும் ஒன்றாக்கியது. எனினும் பழைய பிரிவு முற்றிலும் மறையவில்லை. நகர வழக்குகளை முதல் நிலையிலேயே விசாரிக்கும் அசல் பிரிவு, உச்ச நீதிமன்றத்தின் வழியில் வந்தது. வெளியூர் நீதிமன்றங்களின் மேல்முறையீடுகளை விசாரிக்கும் பிரிவு, சதர் அதாலத்தின் வழியில் வந்தது. உயர் நீதிமன்றத்தில் நேரடியாகத் தாக்கலாகும் வழக்கு 'சி.எஸ்.' என்றும், பிற உரிமையியல் நீதிமன்றங்களில் தாக்கலாவது 'ஓ.எஸ்.' என்றும் இன்றும் எண்ணிடப்படுவதன் பின்னணி இதுவே.

உயர் நீதிமன்றச் சாசனத்தின் 12-ஆம் பிரிவு, வழக்குகளை நிலம் பற்றியவை, பிற என இரண்டாகப் பிரிக்கிறது. நிலம் பற்றிய வழக்கானால் நிலம் நகர எல்லைக்குள் இருக்க வேண்டும். பிற வழக்கானால் வழக்குமூலம் நகரத்தில் எழுந்திருக்க வேண்டும். அல்லது பிரதிவாதி அங்கு வசிக்கவோ தொழில் செய்யவோ வேண்டும். நிலத்தின் ஒரு பகுதியோ, வழக்குமூலத்தின் ஒரு பகுதியோ மட்டுமே எல்லைக்குள் வந்தால் நீதிமன்றத்தின் முன் அனுமதி தேவை.

வடசென்னையில் இது வெறும் ஏட்டு வேறுபாடு அன்று. திருவொற்றியூரும் எண்ணூரும் 2011-இல்தான் சென்னை மாநகராட்சியுடன் இணைந்தன. அதற்கு முன் அவை நகரத்துக்கு வெளியே தனி நகராட்சிப் பகுதிகளில் இருந்தன. கொருக்குப்பேட்டை மனை பற்றிய வழக்கும் திருவொற்றியூர் மனை பற்றிய வழக்கும், இடைத்தொலைவு சில கிலோமீட்டரே ஆனாலும், வெவ்வேறு நீதிமன்றங்களுக்குச் சென்றன.

எது 'நிலம் பற்றிய வழக்கு' என்பதும் நீண்ட காலம் விவாதிக்கப்பட்டது. கிரய ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கோரும் வழக்கில் சுவாதீனம் கேட்கப்படாவிட்டால் அது நிலம் பற்றிய வழக்காகாது என்று 2001-இல் இந்திய உச்ச நீதிமன்றம் ஆட்கான் எலெக்ட்ரானிக்ஸ் வழக்கில் கூறியது.

சிறு வழக்குகளும் நகர உரிமையியல் நீதிமன்றமும்

மாகாணத் தலைநகரங்களின் சிறு வழக்கு நீதிமன்றங்களுக்கான 1882-ஆம் ஆண்டுச் சட்டம், 2,000 ரூபாய் வரையிலான கோரிக்கைகளை அந்நீதிமன்றங்களுக்கு ஒதுக்கியது. அசையாச் சொத்தை மீட்டல், தடையுத்தரவு, பங்குத் தொழிலைக் கலைத்தல், அவதூறு போன்றவற்றை அச்சட்டம் விலக்கிவைத்தது. உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியான சர் டி. முத்துசாமி ஐயர், அதற்கு முன் சென்னைச் சிறு வழக்கு நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவர்.

இதனால் ஓர் இடைவெளி ஏற்பட்டது. சிறிய வீடு ஒன்றின் உரிமை பற்றிய வழக்கையும் செலவு மிகுந்த உயர் நீதிமன்றத்தில்தான் தொடுக்க வேண்டியிருந்தது. இதனைத் தீர்க்க 1892-இல் சென்னை நகர உரிமையியல் நீதிமன்றச் சட்டம் இயற்றப்பட்டது. தொடக்கத்தில் அதன் வரம்பு 2,500 ரூபாய். பின்னர் படிப்படியாக உயர்ந்து 1995-இல் 10 லட்சம், 2010-இல் 25 லட்சம், 2018-இல் 1 கோடி ரூபாய் ஆனது.

மனைக் குத்தகையும் வாடகையும்

வடசென்னையில் பிறர் நிலத்தைத் தரைவாடகைக்கு எடுத்துத் தம் செலவில் வீடு கட்டிக்கொண்டவர்கள் பலர். நிலத்துக்காரர் வெளியேறச் சொன்னால், கட்டடத்தைப் பிரித்து எடுத்துச் செல்வதைத் தவிர அவர்களுக்கு வேறு உரிமை இல்லாதிருந்தது. 1921-ஆம் ஆண்டின் சென்னை நகரக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் இந்நிலையை மாற்றியது. வெளியேற்றப்படும் குத்தகைதாரருக்குக் கட்டடத்துக்கான இழப்பீடு கிடைக்க அது வழி செய்தது. 9-ஆம் பிரிவின்படி, வசதியாகக் குடியிருக்கத் தேவையான குறைந்த அளவு நிலத்தை விலைக்குக் கேட்கும் உரிமையும் உண்டு. ஆனால் வெளியேற்ற வழக்கின் அழைப்பாணை கிடைத்த ஒரு மாதத்துக்குள் மனு செய்ய வேண்டும். தன் வழக்கைச் சாதாரண வாடகை வழக்கு என்று எண்ணி இக்காலத்தைத் தவறவிட்டவர் வீட்டையே இழக்க நேரிடும். 1996-ஆம் ஆண்டின் திருத்தம் சமய நிறுவனங்களின் நிலங்களுக்கு இப்பாதுகாப்பை நீக்கியது.

கட்டடத்தையே வாடகைக்கு விடும்போது வகை மாறுகிறது. 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2017-இல் இயற்றப்பட்ட சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. இதன்கீழ் வரும் தகராறுகளை வாடகை நீதிமன்றம் விசாரிக்கிறது.

மதிப்பீடும் கட்டணமும்

1955-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணங்கள் மற்றும் வழக்கு மதிப்பீட்டுச் சட்டம், ஒவ்வொரு வகை வழக்கையும் எவ்வாறு மதிப்பிடுவது என்று கூறுகிறது. உரிமை விளம்புகை, தடையுத்தரவு, பாகப்பிரிவினை ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பிரிவுகள் உள்ளன. பணம் கோரும் வழக்குகளுக்கு நூற்றுக்கு ஏழரை ரூபாயாக இருந்த கட்டணம் 2017-இல் மூன்று ரூபாயாகக் குறைக்கப்பட்டது. 4 லட்சம் ரூபாய் கோரும் ஒருவர் முன்பு 30,000 ரூபாய் கட்ட வேண்டியிருந்தது. இப்போது 12,000 ரூபாய் போதும்.

வணிக வழக்குகள்

2015-இல் வந்த வணிக நீதிமன்றங்கள் சட்டம் புதிய பிரிவு ஒன்றை உருவாக்கியது. சரக்கு விற்பனை, கட்டுமானம், கப்பல் சரக்கு, பங்குத் தொழில், காப்பீடு, அறிவுசார் சொத்து உட்பட 22 வகைத் தகராறுகளை அது வணிகத் தகராறு என்கிறது. தொடக்கத்தில் 1 கோடி ரூபாயாக இருந்த குறைந்தபட்ச மதிப்பு 2018-இல் 3 லட்சமாகக் குறைந்தது. இதனால் பெரிய நிறுவனங்களுக்கு மட்டுமே உரியதாயிருந்த இச்சட்டம் சிறு பட்டறைக்காரருக்கும் மொத்த வியாபாரிக்கும் பொருந்தலாயிற்று.

வணிகம் நடக்கும் கட்டடம் பற்றிய எல்லா வழக்கும் வணிக வழக்கு ஆகிவிடாது. ஒப்பந்தம் முழுதும் வணிகத்துக்காகவே பயன்படும் சொத்தைப் பற்றியதாக இருக்க வேண்டும். அந்தப் பயன்பாடு நடப்பில் இருக்க வேண்டும், வருங்காலத்தில் பயன்படக்கூடும் என்பது போதாது என்று 2019-இல் அம்பாலால் சாராபாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

வணிக வழக்கில் அவசர நிவாரணம் கேட்கப்படாவிட்டால், தாக்கலுக்கு முன் சமரச முயற்சி செய்தாக வேண்டும். இது கட்டாயம் என்று 2022 ஆகஸ்டில் பாட்டீல் ஆட்டோமேஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிரதிவாதி 120 நாட்களுக்குள் எதிருரை தராவிட்டால் அந்த உரிமையை இழக்கிறார். சாதாரண வழக்கில் இவ்வளவு கண்டிப்பு இல்லை.

வகை தவறினால்

அதிகாரமில்லாத நீதிமன்றத்தில் தாக்கலான பிராது, உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் 7-ஆம் கட்டளை 10-ஆம் விதியின்படி திருப்பித் தரப்படும். உரிய நீதிமன்றத்தில் அதைத் தாக்கல் செய்தபின் விசாரணை முதலிலிருந்து தொடங்கும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. நடந்த சாட்சி விசாரணையெல்லாம் வீணாகிவிடும். நல்லெண்ணத்துடன் தவறான நீதிமன்றத்தில் செலவிட்ட காலத்தை மட்டும் 1963-ஆம் ஆண்டுக் காலவரைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு கழித்துக் கொடுக்கிறது. கடன் தொகைக்கான காலவரை பொதுவாக மூன்று ஆண்டுகளே என்பதால், பலருக்கு இப்பிரிவே கடைசிப் பாதுகாப்பாக அமைகிறது.

இன்றைய நிலை

இப்போது ஒவ்வொரு வழக்குக்கும் மாநிலம், மாவட்டம், நீதிமன்றம், வரிசை எண், ஆண்டு ஆகியவற்றைக் காட்டும் 16 இலக்கக் குறியீடு தரப்படுகிறது. மின்வழித் தாக்கலில் வழக்கின் வகையைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். கொருக்குப்பேட்டையில் ஒரு கொட்டகைக்காரரின் வழக்கு, வாடகைதாரரை வெளியேற்றுவதானால் வாடகை நீதிமன்றத்துக்கும், உடன்பிறந்தாருடன் பாகப்பிரிவினையானால் நகர உரிமையியல் நீதிமன்றத்துக்கும், 5 லட்சம் ரூபாய் சரக்குப் பாக்கியானால் வணிக நீதிமன்றத்துக்கும் செல்லும். கொட்டகை ஒன்றேயானாலும், கேட்கும் பரிகாரமே வழக்கின் வகையையும், அதன்வழிச் செலவையும் காலத்தையும் முடிவு செய்கிறது.