தெருவின் சுவரும் விதியின் தலைப்பும்

இராசராச சோழனின் மெய்க்கீர்த்தி சொல்லும் காந்தளூர்ச் சாலை, திருவனந்தபுரத்து வலியசாலைதான் என்பது பலரது கருத்து. இன்று அங்கே கண்ணில் படுவது மகாதேவர் கோயிலும் தமிழ் அக்கிரகாரமும். ஒரு வீட்டின் பக்கச்சுவரே அடுத்த வீட்டுக்கும் சுவர்.

பக்கத்தில் இடம் விடச் சொல்லும் நவீன கட்டட விதி இத்தகைய தெருவில் திணறும். 1999-ஆம் ஆண்டின் கேரள நகராட்சிக் கட்டட விதிகள் சிறு மனைகளுக்குத் தனி அத்தியாயமே வைத்தன. எவ்வளவு சிறிது? தலைப்பு சொல்லாது, உள்ளே இருந்த 125 சதுர மீட்டர் வரம்புதான், அதாவது ஏறக்குறைய மூன்று சென்ட், சொன்னது.

அப்படியானால் தலைப்பு வெறும் அலங்காரமா? இல்லை. உத்தரப்பிரதேசக் குத்தகைச் சட்டத்தின் 180-ஆம் பிரிவு குறித்த வழக்கில், 1959-இல், உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்துவைத்தது: தெளிவான வாசகத்தைத் தலைப்பு மாற்றாது, வாசகம் மயங்கினால் பொருள் காணத் துணைநிற்கும்.

கேரளத்தில் 2019-இல் புதிய கட்டட விதிகள் வந்தன. மனை வாங்குவோர் பலர் இன்றும் தலைப்போடு நின்றுவிடுகிறார்கள். விதிவிலக்குகளோ உட்பிரிவுகளில்தான் இருக்கின்றன.