மழை கட்டிய வீடு

1885ஆம் ஆண்டுக் கோடைகாலம். தென் இங்கிலாந்தின் டுவைஃபோர்ட் கிராமத்திலிருந்து ஒரு விநோத ஊர்வலம் வடக்கு நோக்கிப் புறப்பட்டது. வழி எப்படி, எதிரே வண்டி வருகிறதா என்று பார்த்துச் சொல்ல, மூன்று சக்கர மிதிவண்டியில் ஒரு வேலைக்காரர் முன்னால் போனார். அவருக்குப் பின்னால் இரண்டு குதிரைகள். அவை மூச்சிரைக்க இழுத்து வந்தது வண்டியா, வீடா என்று தெருவோரத்தில் நின்றவர்களுக்கு விளங்கவில்லை. மஹோகனிப் பலகைச் சுவர், கண்ணாடி யன்னல், திரைச்சீலை, புத்தக அலுமாரி, சமையலடுப்பு என்று எல்லாம் சேர்ந்து இரண்டு தொன் எடை. உள்ளே ஒரு பெரிய நாய், ஒரு கிளி. அவற்றோடு, நோயால் கடலைப் பிரிந்து கரைக்கு வர நேர்ந்த ஒரு மனிதர்.

வில்லியம் கோர்டன் ஸ்டேபிள்ஸ் பிரித்தானியக் கடற்படையில் மருத்துவராக இருந்தவர். உடல்நலம் கெட்டதால் இளம் வயதிலேயே சேவையை விட்டார். பிறகு சிறுவர்களுக்குச் சாகசக் கதை எழுதிப் பெயரெடுத்தார். கப்பல் போய்விட்டாலும் கப்பலறையில் வாழ்ந்த ஆசை போகவில்லை. ஊர் ஊராகத் திரியும் ரோமா நாடோடிகளின் கூண்டுவண்டிகளைக் கண்டதும் அந்த ஆசைக்கு வழி பிறந்தது. பிரிஸ்டல் நகரத்தில் ரயில் பெட்டி செய்யும் கம்பனியொன்றில் தனக்கும் ஒரு வண்டியைச் சொல்லிச் செய்வித்து, 'வாண்டரர்' என்று பெயரிட்டு, ஸ்கொட்லாந்தின் இன்வர்னெஸ் வரை போனார். ஏறத்தாழ 1,300 மைல் பயணம். மறு வருடம் அதைப் புத்தகமாக எழுதினார். படித்த பணக்காரர்களுக்கும் ஆசை தொற்றியது. 1907இல் அதற்கென ஒரு கழகமே தோன்றி அவரைத் துணைத்தலைவர்களில் ஒருவராக்கியது. ஆனால் இரண்டு குதிரை, வண்டிக்காரர், வேலைக்காரர் எல்லாவற்றுக்கும் காசில்லாதவன் என்ன செய்வான்?

யாழ்ப்பாணத்தில் அந்தக் கேள்விக்கு விடை எப்போதோ கிடைத்திருந்தது. வல்லிபுர ஆழ்வாரின் கடல்தீர்த்தத்துக்கும் செல்வச்சந்நிதித் திருவிழாவுக்கும் சனங்கள் மாட்டுவண்டில் கட்டிப் போனார்கள். வண்டிலின் மேல் கிடுகுக் கூடாரம், உள்ளே வைக்கோல் பரப்பிப் பாய், ஒரு மூலையில் அரிசி மூட்டையும் பானையும். மாட்டை அவிழ்த்து மர நிழலில் கட்டி, மூன்று கல் வைத்து உலையேற்றினால் அந்த இடமே வீடு. வேலணை போன்ற தீவுகளில் இருந்தவர்களுக்குத் திருவிழா என்றால் வண்டிலுக்கு முன்னே வள்ளமும் ஏற வேண்டும். எங்கே போனாலும் அடுப்பும் கூடப் போயிற்று. மழை வந்தால் ஒதுங்கக் கோயிலடியில் மடம் இருந்தது. அமெரிக்கத் தெருக்களில் மடம் கிடையாது. அந்தக் குறைதான் கதையைத் திருப்பிப் போட்டது.

1910இல் பியர்ஸ் அரோ கம்பனி நியூயோர்க் கண்காட்சியில் ஒரு மோட்டார் காரை நிறுத்தியது. அதன் பின்னிருக்கையை மடித்தால் கட்டில். ஓட்டுநரோடு பேச உள்ளேயே தொலைபேசி. விலையைக் கேட்டுச் சாதாரண மனிதர்கள் பின்வாங்கினார்கள். அடுத்த சில வருடங்களில் போர்டின் மலிவு கார்கள் வீதியை நிறைத்தன. அவற்றின் சொந்தக்காரர்கள் காரின் பக்கத்தில் கூடாரம் அடித்துப் படுத்தார்கள். 1919இல் புளோரிடாவின் டம்பா நகரப் பூங்காவொன்றில் கூடியவர்கள் தங்களைத் 'தகரப்பேணி உல்லாசப் பயணிகள்' என்று அழைத்துக்கொண்டார்கள். ஒருவரையொருவர் அறிய, காரின் ரேடியேற்றர் மூடியில் வெறும் பேணியொன்றைப் பற்றவைத்தார்கள். ஆயிரக்கணக்கில் பெருகிய இந்தக் கூட்டத்துக்கு ஒரே ஒரு பகைதான் இருந்தது. அது வானத்திலிருந்து வந்தது.

ஆதர் ஷேர்மன் டெட்ரோயிட் நகரவாசி. நுண்ணுயிரியல் படித்தவர். மருந்து தயாரிக்கும் கம்பனியொன்றின் தலைவர். 1920களின் கடைசியில் குடும்பத்தோடு விடுமுறை போக, காரின் பின்னால் கொளுவி இழுக்கும் மடக்குக் கூடாரமொன்றை வாங்கினார். தண்ணீர் புகாது, சில நிமிடங்களில் விரித்துவிடலாம் என்பது விற்றவர்களின் வாக்கு. முதல் இரவிலேயே மிச்சிகனில் இடியும் மின்னலுமாக மழை கொட்டியது. ஷேர்மன் கயிற்றை இழுத்தார், கம்பை நட்டார், துணியைப் பிடித்தார். ஒரு பக்கம் நிமிர, மறு பக்கம் சரிந்தது. பிள்ளைகள் தெப்பமாக நனைந்தார்கள். விடிந்தபோது அவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு தச்சரைப் பிடித்தார். ஆறடி அகலம், ஒன்பதடி நீளம், காரை விடக் கூடாத உயரம், நாலு பக்கமும் கெட்டிச் சுவர், மேலே கெட்டிக் கூரை. நடுவே ஒடுங்கிய நடைபாதை. அதன் இருபுறமும் அலுமாரி, ஐஸ்பெட்டி, அடுப்பு, இருக்கை எல்லாம் அசையாமல் பொருத்தப்பட்டன. விரிப்பதற்கோ மடிப்பதற்கோ எதுவும் இல்லை. வந்து நின்றதும் கதவைத் திறந்து உள்ளே போக வேண்டியதுதான். அந்தக் காலக் கூண்டுவண்டிகளை நினைத்துப் பிள்ளைகள் அதற்குக் 'கவர்ட் வாகன்' என்று பெயர் வைத்தார்கள். சொந்தத் தேவைக்குச் செய்தது. அதோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். ஆனால் போகும் இடமெல்லாம் சனம் கூடி, உள்ளே எட்டிப் பார்த்து, எங்கே வாங்கியது என்று கேட்கத் தொடங்கியது.

ஒரு கராஜை வாடகைக்கு எடுத்துச் சிலவற்றைச் செய்வித்தார். 1930 ஜனவரியில் டெட்ரோயிட் மோட்டார் கண்காட்சியில் தயங்கித் தயங்கி ஒன்றை வைத்தார். அதைவிடக் கெட்ட நேரம் அமையாது. பங்குச்சந்தை சரிந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. தொழிற்சாலைகள் ஆட்களை நிறுத்திக்கொண்டிருந்தன. அவர் சொன்ன விலையோ 400 டொலர், சாதாரணக் கூடார வண்டியைப் போல இரண்டு மடங்கு. அந்தக் கோடை முடிவதற்குள் 118 விற்றன. 1936இல் மட்டும் ஏறத்தாழ 6,000. நாட்டிலேயே பெரிய உற்பத்தியாளர் அவர்தான். அதே வருடம், 1929 சரிவை முன்கூட்டியே சொல்லிப் புகழ்பெற்ற ரொஜர் பாப்சன் அடுத்த ஆரூடத்தைச் சொன்னார்: இருபது வருடத்தில் அமெரிக்கரில் பாதிப்பேர் இந்த வண்டிகளில்தான் குடியிருப்பார்கள்.

ஆரூடம் பொய்த்தது. உலகப் போர் வந்து பெற்றோலுக்கும் டயருக்கும் பங்கீடு விழுந்தது. உல்லாசப் பயணம் நின்றது. வண்டிகள் ஆயுதத் தொழிற்சாலைகளின் அருகே தொழிலாளர் குடியிருப்பாக வரிசையில் நின்றன. ஷேர்மனின் பெயர் மெல்ல மறைந்தது. அவருடைய யோசனை மறையவில்லை. போர் முடிந்ததும் புதிய நெடுஞ்சாலைகளில் அது பெருகி ஓடியது. இப்போது வேறொரு சிக்கல் எழுந்தது. வீடு ஓடுகிறது சரி, அதை இரவில் எங்கே நிறுத்துவது?

கனடாவின் ஒன்ராறியோ மாகாணம் 1954இல் புதிய பூங்காச் சட்டம் கொண்டுவந்தது. ஏரிக்கரைகள் ஒவ்வொன்றாகத் தனியார் வேலிக்குள் போய்க்கொண்டிருந்ததால், பொதுமக்களுக்கென்று கரைகளை ஒதுக்கி, பூங்காக்களின் தொகையை வேகமாகப் பெருக்கியது. ரொறன்ரோவுக்கு வடக்கே ஒரு மணி நேரத் தூரத்தில், சிம்கோ ஏரிக்கரையில் உள்ள சிபோல்ட் பொயின்ற் அப்படி மக்களுக்குக் கிடைத்த இடங்களில் ஒன்று. 1830களில் மகன்மாரைப் பார்க்க வந்த சூசன் சிபோல்ட் என்ற அம்மையார் வாங்கிய காணி அது. 1950களில் அரச கைக்கு வந்தது. ஒற்றைக் குடும்பத்தின் கரையில் மர நிழலுக்குள் நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு இடம் பிரிக்கப்பட்டது. பலவற்றில் மின்சார இணைப்பும் உண்டு. அங்கே வரப்போகிறவர்கள் அப்போது உலகத்தின் மறுபக்கத்தில் இருந்தார்கள்.

1983இன் கலவரத்துக்குப் பின் ஈழத்தமிழர் கனடா நோக்கி நகரத் தொடங்கினர். 1986 ஓகஸ்டில் 155 பேர் நியூபவுண்லாந்துக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்தபோது மீனவர்கள் காப்பாற்றினார்கள். 1990 ஓகஸ்டில் இராணுவம் தீவுப்பகுதிக்குள் இறங்கியபோது வேலணை வெறிச்சோடியது. சமைத்த சோற்றை விட்டுவிட்டுப் போனவர்கள் உண்டு. அவர்களில் எத்தனையோ பேர் கடைசியில் வந்து சேர்ந்த இடம் ரொறன்ரோவின் ஸ்காபரோ. அந்தத் தலைமுறை கோடையில் ஏரிக்கரைக்குப் போகத் தொடங்கியது. முதலில் பகல் ஒன்றுகூடல், பிறகு கூடாரம். அதன் பின் மழையும் நுளம்பும் சேர்ந்து, ஷேர்மனுக்குக் கற்பித்த அதே பாடத்தை அவர்களுக்கும் கற்பித்தன.

இன்று ஆடி மாதச் சனிக்கிழமைகளில் அந்தக் கரையில் வரிசையாக நிற்கும் வெள்ளை ட்ரெயிலர்தான், மிச்சிகன் மழையில் நனைந்த ஒரு தகப்பனின் கோபத்தில் பிறந்த அந்த வீடு. இப்போது அதற்குள் குளிக்கும் அறையும் நல்ல தண்ணீர்த் தாங்கியும் கழிவுத் தாங்கிகளும் உண்டு. வெளியே விரித்த பந்தல் நிழலில், வாயு அடுப்பின் மேல் பெரிய பானை. ஒடியல் மாவை ஊறவைத்துக் கசப்பை இறுத்து, நண்டும் இறாலும் மீன்தலையும் பயிற்றங்காயும் பலாக்கொட்டையும் வெந்த நீரில் செத்தல் மிளகாய்க் கூட்டோடு கரைத்து ஊற்றுகிறார் ஒரு அம்மம்மா. பழப்புளி விட்டதும் வாசம் அயல் ட்ரெயிலர் வரை போகிறது. கனடாவில் பிறந்த பேரப்பிள்ளைகள் கிண்ணத்தோடு சுற்றி நிற்கிறார்கள். வண்டிலில் வல்லிபுரம் போன அடுப்பு, ஏரிக்கரைக்கும் கூட வந்துவிட்டது.

அந்தக் குடும்பங்கள் நல்லூர்த் திருவிழாக் காலத்தில் ஊருக்கும் வருகின்றன. யாழ்ப்பாண நகரத்திலிருந்து பண்ணைப் பாலம் தாண்டி, வேலணைச் சாட்டிக் கடற்கரையில் குளித்து, பொதி செய்து வந்த சோற்றை உண்டு, பொழுது சாய வாகனத்தில் ஏறித் திரும்புகின்றன. நகரத்துக்கு இத்தனை அருகே இப்படியொரு கரை இருக்கும்போது, அதன் ஓரத்தில் சக்கர வீடுகள் நின்று இரவு தங்க இடம் வருவது நல்லது. ஆனால் சாட்டி மணலுக்கடியில் நன்னீர் இருக்கிறது. தீவுப்பகுதியின் குடிநீருக்கு அது பெரிய ஆதாரம். ஒன்ராறியோப் பூங்காக்களில் ஒவ்வொரு ட்ரெயிலரும் போகுமுன் தன் கழிவுத் தாங்கியை அதற்கென்று கட்டிய இடத்தில் வெறுமையாக்கிவிட்டே போகிறது. சாட்டியிலும் முதல் வண்டி வருமுன் அப்படியோர் இடத்தைக் கட்டியாக வேண்டும், அதுவும் கிணறுகளுக்கு எட்டாத தூரத்தில். அதைச் செய்தால், ஊரை விட்டுப் போன அடுப்பு சொந்தக் கடற்கரையிலேயே ஓர் இரவு எரியலாம். அடுத்த நாள் காலையில் தீவு குடிக்கும் தண்ணீரும் நல்ல தண்ணீராகவே இருக்கும்.